அமுதா சும்மா இருக்கவில்லை

அவளுக்கு வர வேண்டிய வேலையைக் கெடுத்தது நீங்கள்தான். மரக்காணத்துக் கல்யாண மண்டபத்தில் வேலைவாய்ப்பு முகாம் என்று பேனர் கட்டி, மைக்கைப் பிடித்து ஒன்றரை மணி நேரம் பேசினீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பேர் எழுத மாட்டேன். அன்றைக்கு வந்திருந்தவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உப்பளம், நூறு நாள் வேலை, மீன் கூடை, இதெல்லாம் பயோடேட்டாவுல எழுதாதீங்க. படிக்கிறவங்க அந்த லைனோட நிறுத்திடுவாங்க. அதுக்கு ஒண்ணும் எழுதாம விடறதே பெட்டர்." பாதிக் கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் நிறையப் பேர் அன்று விடியற்காலையில் உப்பளத்துக்குப் போய்விட்டு, குளித்து, துணி மாற்றிக்கொண்டு வந்தவர்கள்.

என் பக்கத்து நாற்காலியில் அமுதா இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மடியில் இருந்த பயோடேட்டாவில் ஒரு வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அடுத்த வரியின் மேலும் ஒரு கோடு போட்டாள். நான் கையைப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

நான் சரோஜா. புதுச்சேரி - திண்டிவனம் சாலையில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். கார், லாரிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, நுனியில் கிளிப் மாட்டி அனுப்பும் கம்பெனி. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு டைம் ஆபீசில் வருகை அட்டை அடுக்கப் போனேன். மூன்று வருடம் கழித்து பர்சனல் டிபார்ட்மெண்டுக்கு மாற்றினார்கள். கடைசி வரை அங்கேயேதான் இருந்தேன். ஆள் எடுக்கும்போது இருந்தேன். ஆள் குறைக்கும்போதும் இருந்தேன். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது.

இந்தப் பத்திரிகைக்காரர்கள், இப்போது எங்கே பார்த்தாலும் வேலை போகிறதே, வேலை தேடுகிறவர்களுக்கு நாலு அறிவுரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு அறிவுரை எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். அதில் உதவுவது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேனேஜர் மாணிக்கம் சார். குரல் உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் ஆளுக்கொரு ஃபைலைத் திறந்து குனிந்துகொள்வோம். அவர் நேர்காணல் நடத்தும் அறையில் மேசை சுவரோரம் தள்ளியிருக்கும். வந்தவருக்கும் அவருக்கும் நடுவில் எதுவும் இருக்காது. யார் வந்தாலும் எழுந்து நிற்பார். கூட்டுகிற வேலைக்கு வந்தவருக்கும் எழுந்து நின்றார், இன்ஜினியருக்கும் எழுந்து நின்றார். டீ வந்தால் முதல் கிளாஸ் வந்தவருக்கு. பயோடேட்டா குப்புறக் கவிழ்ந்து கிடக்கும். பேசி முடிக்கும் வரை திருப்ப மாட்டார்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எந்த பஸ்ஸுல வந்தீங்க?" இதற்குத் தப்பான பதில் கிடையாது. பேசிப் பேசித் தொண்டை சரியாகிவிடும். இரண்டாவது கேள்வியும் ஒன்றுதான். "நேத்து காலையில எழுந்ததுலேந்து என்ன பண்ணீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க." உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன். "தன்னைப் பத்தி சொல்லச் சொன்னா எவனோ எழுதிக் குடுத்தத ஒப்பிப்பாங்க. நேத்து பண்ணத யாரும் எழுதிக் குடுத்திருக்க மாட்டாங்க" என்றார்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். ஒருவருக்கு வேலை இல்லை என்றால், தேதி சொல்லி வரவழைத்து, இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லி அனுப்புறோம் என்ற வார்த்தை எங்கள் டிபார்ட்மெண்டில் கூடாது. "சொல்லி அனுப்புறோம்னு சொன்னீங்கன்னா, அந்த வூட்ல ஒரு மாசம் யாரும் நிம்மதியா வெளிய போக மாட்டாங்க சரோஜா. வாசலயே பாத்துட்டு இருப்பாங்க" என்பார்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒருதடவை வெளிநாட்டு ஆர்டர் சுத்தமாக நின்றது. மூன்று உற்பத்தி லைனில் இரண்டை மூடினார்கள். கடிதங்களை நான்தான் டைப் அடித்தேன். என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தவர்களுக்கு என் கையால் அடித்தேன். பல மாதம் கழித்து கொஞ்சம் ஆர்டர் திரும்பியது. ஆறு பேரை எடுக்கலாம் என்று சென்னைத் தலைமை அலுவலகம் சொன்னது. வாசல் நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். மறுநாள் காலை கேட்டிலிருந்து டீக்கடை வரை ஆள் நின்றது.

கேட்டுக்கு உள்ளே ஒரு மேசை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஃபாரம் ஆங்கிலத்தில் இருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் கேட்டு எழுத வேண்டும். அதை கூரியரில் சென்னைக்கு அனுப்புவோம். அனுபவம் என்ற கட்டத்தைப் பார்த்துத்தான் அங்கே கட்டுகளைப் பிரிப்பார்கள்.

அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் "எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லைங்க" என்றார்கள். வேலை இல்லாத காலத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இருபதாவது ஆள் சொல்லும்போது எழுதுகிறவள் காது மூடிக்கொள்கிறது. என்னால் இதைச் செய்ய முடியும் என்று ஒன்றைச் சொன்னவர்கள் நினைவில் நின்றார்கள். ஒருவர் சாயங்காலம் வரை நின்று, "நான் பாத்திரக் கடையில எட்டு வருஷம் ஸ்டாக் எடுத்தவன், ஒரு கரண்டி கூட குறையாது" என்றார். பேர் மறந்துவிட்டது. கரண்டி மறக்கவில்லை.

சம்பளம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்றால் எங்கள் பக்கத்தில் "பாத்துப் போட்டு குடுங்க" என்பார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். சென்னையில் ஃபாரத்தைப் படிப்பவனுக்கு அது மரியாதையாகத் தெரியாது. விவரம் தெரியாத ஆள் என்று எழுதிவிடுவான். முன்பு வாங்கியதைச் சொல்லுங்கள், அது போதும். வேலை போனவர்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். உடம்பு சரியில்லை, கல்யாணம், வீடு மாறினோம். எதற்கு? ஆள் குறைத்தார்கள் என்று சொன்னால் போதும். குறைத்தது கம்பெனி. வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. வேலை போகிற அன்றைக்கு ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அழுதுகொண்டாவது உட்காருங்கள், வேலை செய்த காலத்துக்குக் கடிதம் வாங்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள். தாண்டிவிட்டால் அப்புறம் வாட்ச்மேன் உள்ளே விட மாட்டார்.

அமுதா மதியத்துக்கு மேல் மேசைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயது. பத்தாவது சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எந்த ஊரு?"

"மரக்காணம்க்கா. நீ கூட அங்கதான? பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கேன்."

"இப்ப என்ன பண்றே?"

"சும்மாதான்க்கா இருக்கேன்."

"எத்தன வருஷமா?"

"கல்யாணம் ஆனதுலேந்து. பத்து வருஷம் ஆவுது."

அனுபவம் இல்லை என்று எழுதினேன். எழுதும்போதே அவள் காலைப் பார்த்தேன். குதிகால் முழுக்க வெள்ளையாக வெடித்திருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில், வெயிலில் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சுருக்கிய கோடுகள் இருந்தன. உப்பில் நிற்கிற கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். தெரிந்துதான் எழுதினேன்.

அவள் பொய் சொல்லவில்லை. நானும் பொய்யென்று நினைத்து எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் வேலை என்றால் கம்பெனி, ஆபீஸ், பள்ளிக்கூடம். மாதம் பிறந்தால் சம்பளம் வருவதுதான் வேலை. மற்றதெல்லாம் போவது. கழனிக்குப் போறோம், கடலுக்குப் போறோம், அளத்துக்குப் போறோம். அதோடு உப்பளம் என்ன வருடம் முழுக்கவா? தையிலிருந்து புரட்டாசி வரை. மழை வந்தால் உப்புப் பாத்தியெல்லாம் ஏரி. நடுவில் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் வருடம் முழுக்கவே வீட்டில் இருந்ததாக அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். என் அம்மா பிரம்மதேசத்தில் ஊரார் நிலத்தில் நாற்பது வருடம் நட்டாள், களை பறித்தாள். என் பள்ளிக்கூட ஃபாரத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் அமுதாவுக்கும் எழுதினேன்.

ஃபாரங்களில் முதல் கட்டு அன்றைக்கே சென்னைக்குப் போய்விட்டது. மாணிக்கம் சார் அதற்காகக் காத்திருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரையும் அடுத்த இரண்டு நாளில் கூப்பிட்டுப் பேசினார். அமுதாவைக் கூப்பிட்டபோது நான் ஓரத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து நின்றதும் அவளும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"உக்காருங்கம்மா. நீங்க உக்காந்தாதான் நானும் உக்காரலாம்."

உட்கார்ந்தாள்.

"எந்த பஸ்ஸுல வந்தீங்க?"

"திண்டிவனம் போயி மாறி வந்தேங்க."

"சரி. நேத்து எழுந்ததுலேந்து சொல்லுங்க."

"மூணு மணிக்கு எழுந்தேங்க. சோறு வடிச்சேன். பசங்களுக்கு மூடி வெச்சேன். நாலு மணிக்கு அளத்துக்கு போயிட்டேன்."

"எங்க?"

"அளத்துக்குங்க. உப்பளம்."

"போயி?"

"உப்பு வாரினேன். வாரி கரையில சேத்தேன். அப்புறம் கூடையில தூக்கி அம்பாரத்துல கொட்டினேன். பத்து மணிக்கு வூட்டுக்கு வந்தேன்."

"நாலுலேந்து பத்து வரைக்கும் உக்காரவே இல்லையா?"

அமுதா சிரித்துவிட்டாள். "எங்க சார் உக்கார்றது, தண்ணியிலயா?"

சாரும் சிரித்தார். அப்புறம் ஃபாரத்தின் எங்கள் காப்பியைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.

"சரோஜா, இதுல அனுபவம் இல்லைன்னு யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"நீ எந்த ஊரு?"

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். "மரக்காணம் சார்."

"தினமும் பஸ்ஸுல ஜன்னல் பக்கம்தான உக்காந்து வர்றே?"

அமுதாதான் எனக்காகப் பேசினாள். "அக்கா மேல தப்பு இல்லைங்க. நான்தான் சும்மா இருக்கேன்னு சொன்னேன். அது வேலை இல்லீங்களே, அளத்துக்குதான போறேன்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். சோதனைத் தட்டு. அதில் வெட்டின ஒயர் துண்டுகள் கலந்து கிடக்கும். பழுப்பு, கருஞ்சிவப்பு, சிவப்பு. டியூப்லைட்டில் பழுப்பும் கருஞ்சிவப்பும் ஒன்றுபோல் தெரியும். டிப்ளமோ படித்தவர்களே தடுமாறுவார்கள். பிரிக்கச் சொன்னார். அவள் பிரித்தாள். அவசரப்படவில்லை. ஒன்றைக்கூட திருப்பி எடுக்கவில்லை. சார் ஒவ்வொரு குவியலாகப் பார்த்தார். தப்பு இல்லை.

"எப்படிம்மா?"

"உப்புல நாலு வெள்ளை இருக்குதுங்க. இன்னிக்கு வாரினது, நேத்து வாரினது, மண்ணு பட்டது, மழை பட்டது. கலந்து கொட்டிட்டா மேஸ்திரி அடுத்த நாள் பாத்திக்குள்ள விட மாட்டாரு."

சார் புது ஃபாரம் ஒன்றை என்னிடம் நீட்டினார். "நான் சொல்றத எழுது. கூலின்னு ஒரு வார்த்தையில முடிக்காத." அவர் அவளைக் கேட்டார், அவள் சொன்னாள், நான் எழுதினேன். உப்பளத் தொழிலாளி, பத்து வருடம். தினமும் ஆறு மணி நேரம் நின்று வேலை. இன்னொருவரோடு கூட்டாகப் பாத்தி பார்ப்பது. நிறம் பார்த்து உப்பைத் தரம் பிரிப்பது. வானம் பார்த்து உப்பை மூடி வைப்பது. எழுத எழுத அமுதா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ வேறு ஒருத்தியைப் பற்றி எழுதுவதைப் பார்ப்பது மாதிரி.

சார் அந்த ஃபாரத்தைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு போனிலும் பேசினார். நான் அறையில் இருந்தேன். அந்தப் பக்கம் பேசியவர் சத்தமாகப் பேசுகிறவர். "உப்பு வாரினதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸா சார்? முதல் ஃபாரத்துல எக்ஸ்பீரியன்ஸ் இல்லைன்னு உங்க ஆபீஸ்தான எழுதி அனுப்பியிருக்கு?" என்றார்.

"அது எங்க தப்பு. திருத்தி அனுப்பிட்டேன்."

"லிஸ்ட் போட்டாச்சு சார்."

"நீங்க ஒரு நாள் வந்து வாரிப் பாருங்க. அப்புறம் லிஸ்ட் போடுங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். ஆனால் முடிவு அவர்கள் கையில்தான் இருந்தது. ஆறு பேர் லிஸ்ட் வந்தது. அமுதா பேர் இல்லை.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தோம். வந்தாள். சார் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "இல்லம்மா. இந்தத் தடவ இல்ல. உங்க மேல ஒரு குறையும் இல்ல. நாங்க மொதல்ல ஒழுங்கா எழுதல."

எழுதியது நான். அவர் நாங்கள் என்று சொன்னார்.

அமுதா தலையை ஆட்டினாள். எழுந்தாள். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "சார், அந்த ரெண்டாவது ஃபாரத்த நான் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கும்மா?"

"வூட்ல காட்டணும்."

சார் என்னைப் பார்க்காமல் எங்கள் காப்பியை நீட்டினார். நான் போய் ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் அழுதேன். அதை யாரும் பார்க்கவில்லை. இப்போது எழுதுகிறேன், அவ்வளவுதான்.

எடுத்த ஆறு பேரில் இரண்டு பேர் இரண்டாவது மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சார் சென்னையைக் கேட்காமல் அமுதாவைத் தற்காலிகமாகப் போட்டார். அவளிடம் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே உப்பளத்துக்குப் போனேன். பஸ் ஜன்னல் வழியாக வருடக்கணக்காகப் பார்த்த இடம். அன்றைக்குத்தான் வரப்பில் இறங்கி நடந்தேன். பாத்தி நடுவில் நீளப் பலகையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அமுதா. வேலை வந்திருக்குது. நாளைக்கு எட்டு மணிக்கு வரணும்."

நின்றாள். பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவாள் என்று நினைத்தேன். "இரு அக்கா, இந்தப் பாத்திய வாரிட்டு வர்றேன். பாதியில வுட்டா கூட இருக்கறவளுக்கு கஷ்டம்" என்றாள். திரும்பி இழுக்க ஆரம்பித்தாள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவள் கத்தினாள், "யக்கா, நீ போயிட்டா எனக்கு யாரு ஜோடி?" "உன் மாமியார கூட்டினு வா" என்றாள் அமுதா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வாரி முடித்தார்கள். முக்கால் மணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அவளைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் இருந்தது.

பதினான்கு வருடம் வேலை செய்தாள். மூன்றாவது வருடத்தில் செக்கிங் மேசைக்கு வந்துவிட்டாள். அவள் கை பட்டுப் போன ஒயர் செட் திரும்பி வந்ததாக நான் இருந்தவரை கடிதம் அடித்ததில்லை. காலும் ஆறிவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினாள். "பாருக்கா, கல்யாணப் பொண்ணு காலு மாதிரி" என்றாள். மாணிக்கம் சார் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை அவரே எழுதியிருப்பார், இன்னும் கொஞ்சம் மரியாதையாக.

போன வருடம் மறுபடி ஆர்டர் குறைந்தது. அமுதா இருந்த லைனை மூடினார்கள். வயது நாற்பத்தைந்து. கடிதத்தை வாங்காமல் கேட்டைத் தாண்டவில்லை, அதைச் சரியாகச் செய்தாள். தை பிறந்ததும் உப்பளத்துக்குப் போனாள். கால் மறுபடி வெடித்தது. இந்த முறை ஆறவில்லை. முழங்காலும் வீங்குகிறது. மழைக்கு முன்னால் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று என்னிடம் வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பயோடேட்டா எழுதினோம். கம்பெனியில் பதினான்கு வருடம். அதற்கு முன்னால் உப்பளத்தில் பத்து வருடம். வேலை போனபின் இன்று வரை உப்பளம், எட்டு மாதம்.

எழுதிய கையோடு முகாமுக்குப் போனோம். அங்கே நீங்கள் பேசினீர்கள். அவள் கடைசி இரண்டு வரிகளையும் அடித்தாள். நான் எழுந்து நின்று, "சார், நீங்க சொல்றது தப்பு" என்றேன். "கொஸ்டின்ஸ் லாஸ்ட்ல மேடம், தனியா வந்து பாருங்க" என்றீர்கள். பிறகு எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தீர்கள். வேலை இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், குடும்பத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமாம். அந்த ஒரு வரியை மண்டபம் முழுக்க மூன்று தடவை சொல்ல வைத்தீர்கள். அமுதா பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே வந்தாள். நான் வேண்டாம் என்றேன். "அவரு சென்னையிலேந்து வந்திருக்காருக்கா. அவருக்குத் தெரியாதா?" என்றாள்.

அடுத்த வாரம் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். பாகங்களைச் சரிபார்க்கும் வேலை. அவளுக்கென்றே செய்த மாதிரி வேலை. மேசை, நாற்காலி, காய்ந்த தரை. அன்றைக்கும் விடியற்காலை நாலு மணிக்குப் பாத்தியில் இறங்கி, ஒன்பது வரை வாரிவிட்டு, குளித்துப் போனாள். உள்ளே ஒரு சின்னப் பெண் கேட்டிருக்கிறாள்.

"வேலை போயி இத்தன மாசம் ஆச்சே, என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அமுதா உங்கள் வரியைச் சொன்னாள். ஒரு எழுத்துத் தப்பில்லாமல் சொன்னாளாம்.

"ஓகே. அப்ப வூட்லதான் இருந்தீங்க. இங்க எட்டு மணி நேரம் நின்னுட்டு செய்யற ஷிப்டும் வரும். நிக்கற பழக்கம் விட்டுப் போயிருக்குமே, முடியுமா?"

முடியும் என்றாளாம். எப்படி முடியும் என்று கேட்டார்களாம். உப்பளம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதை அடித்துவிட்டாள் அல்லவா. இப்போது சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும். முடியுங்க என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னாளாம். இரண்டு நாளில் பதில் வந்தது. வேலைப் பழக்கம் விட்டுப்போனதால் எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லக்கா. நல்லாதான் பேசுச்சு. நான் சொன்னத வெச்சுதான கேட்டுச்சு" என்றாள் அமுதா. பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்னையும் இப்படித்தான் காப்பாற்றினாள். எல்லோரையும் காப்பாற்றுகிறாள். அவள் கால் மட்டும் உப்பில் நிற்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் உங்களுக்கு போன் செய்தேன். நீங்கள் கத்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். "நான் சொன்னது ஜெனரல் டிப்ஸ் மேடம். ஒவ்வொருத்தர் கேஸையும் பாக்க முடியாது. வேணும்னா அவங்கள என்கிட்ட அனுப்புங்க, ஃப்ரீயா தனியா ட்ரெயினிங் குடுக்கறேன்" என்றீர்கள். அமுதாவிடம் சொன்னேன். "எனக்கு எதுக்குக்கா தனியா? அன்னிக்கு மண்டபத்துல இருந்தவங்களுக்கெல்லாம் யாரு சொல்றது?" என்றாள்.

அவள் கேட்டது சரி. அன்று உங்கள் வரியைச் சேர்ந்து சொன்னவர்கள் எத்தனை பேர் இப்போது ஏதாவது ஒரு அறையில் அதை ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள்? அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அடித்த வரியைத் திரும்ப எழுதுங்கள். உப்பளம் என்று எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எதைப் பார்த்து எதைப் பிரிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கேட்டால் நேற்று நடந்ததைச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு உங்களை வேண்டாம் என்கிற கம்பெனி இருக்கலாம். சும்மா இருந்தேன் என்று நீங்களே சொன்னால் எல்லாக் கம்பெனியும் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

இனி உங்களுக்கு. நானும் அமுதாவுக்கு அனுபவம் இல்லை என்று எழுதியவள்தான். அதை என் பேரோடு, ஊரோடு இந்தப் பத்திரிகையில் ஒப்புக்கொண்டுவிட்டேன். அடுத்த மாதம் அதே மண்டபத்தில் மறுபடி முகாம் என்று பேனர் வந்திருக்கிறது. அமுதா வருவாள், நானும் வருவேன். முன் வரிசையில் உட்காருவோம். தனியாகக் கூப்பிடாதீர்கள், போனில் பேசாதீர்கள். மைக்கில் சொன்னதற்கு மைக்கில் பதில் சொல்லுங்கள். நேர்காணலுக்குப் போன அன்று காலையில் ஐந்து மணி நேரம் பாத்தியில் நின்றுவிட்டு வந்தவளுக்கு நிற்கிற பழக்கம் எப்போது விட்டுப்போனது?